முவைலாவின் பனி அலுவலர்

ஷார்ஜாவின் முவைலாவில் இதுவரை பனி கொட்டியதில்லை என்பதற்குக் கம்பெனியிடம் எழுத்துபூர்வமான ஆதாரம் எதுவும் இல்லை. இவ்வளவும் நடந்தது அதனால்தான்.

பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்குமே, அதைச் சொல்லவில்லை. குளிர் தேசங்களில் பஞ்சு மாதிரி கொட்டி, முழங்கால் உயரத்துக்குக் குவிந்து, இறுகிப் போய், நடப்பவர்களை வழுக்கி விழ வைக்குமே, அந்த ஸ்நோ. அதைப் பற்றி சோலைமுத்துவுக்குத் தெரிந்ததெல்லாம், சினிமாவில் கதாநாயகி அதன்மேல் மெல்லிசுப் புடவை கட்டிக்கொண்டு ஆடுவாள் என்பது மட்டும்தான்.

அவன் கமுதிப் பக்கத்துக்காரன். வயது முப்பத்தொன்று. கண்ணாடி முகப்பு வைத்த ஒரு நாலு மாடிக் கடை வளாகத்தின் முன்னால் இருக்கும் நடைபாதைதான் அவனுடைய டூட்டி. காற்று கொண்டுவந்து போடும் மணலைக் கூட்டித் தள்ளுவது, ஷவர்மா சுற்றிய தாளைப் பொறுக்குவது, காலையில் ஒரு தரம் தண்ணீர் அடித்துக் கழுவுவது. ஐந்து வருஷமாக அந்த நடைபாதையில் ஒருத்தரும் விழுந்ததில்லை. ஒரு நடைபாதை இவ்வளவு நிம்மதியாக இருப்பதைப் பொறுக்க முடியாமலோ என்னவோ, வளாகத்தைப் பராமரிக்கும் கம்பெனி சர்வதேசத் தரச் சான்றிதழ் ஒன்று வாங்க ஆசைப்பட்டது.

சான்றிதழ் கொடுக்கும் நிறுவனம் வடதுருவத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ இருந்தது. அது அனுப்பிய கையேட்டில் இருபத்தாறு அத்தியாயங்கள். பதினாலாவது அத்தியாயம்: வணிக வளாக நடைபாதைகளிலிருந்து பனியையும் ஐஸையும் அகற்றுதல். மேனேஜர் விஜயபாஸ்கர் அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடலாமா என்று மரியாதையாக ஒரு மெயில் போட்டார். எடுத்தால் மீதி இருபத்தைந்தும் செல்லாது என்று பதில் வந்தது. விஜயபாஸ்கர் கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்தவர். மேலிடத்தை இரண்டாவது தரம் கேட்பது அவர் வழக்கமில்லை.

மறுநாள் சோலைமுத்துவைக் கூப்பிட்டு ஒரு போனையும் ஒரு அடி ஸ்கேலையும் கொடுத்தார்.

“தினம் காலையில ஆறு மணிக்கு, நடைபாதையில ஸ்நோ எத்தனை சென்டிமீட்டர்னு அளந்து இந்த ஆப்ல போடணும். இனிமே நீங்கதான் ஸ்நோ ஆபீசர்.”

“ஸ்நோ இல்லையே சார்.”

“இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க? அளந்தீங்களா?”

சோலைமுத்து வெளியே போய், குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஸ்கேலைத் தரையில் நிறுத்திப் பார்த்துவிட்டு வந்தான்.

“இப்ப சொல்லுங்க,” என்றார் விஜயபாஸ்கர்.

“இல்ல சார்.”

“குட். இப்ப சொன்னது டேட்டா. முன்னாடி சொன்னது உங்க சொந்த அபிப்பிராயம்.”

சோலைமுத்து இதற்கெல்லாம் தலையாட்டியதற்குக் காரணம் இருந்தது. வருகிற மாசியில் அவனுக்கு லீவு வேண்டும். தங்கை விஜியின் மகன் அழகுமலைக்கு நாலு வயது முடியப் போகிறது. இன்னும் முதல் மொட்டை போடவில்லை, காது குத்தவில்லை. மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் பங்காளிகள் எல்லாரும் கூடுவார்கள். அப்போது தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் இரண்டும் செய்ய வேண்டும். அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன் என்று இருப்பது இவன் ஒருத்தன்தான். போன வருஷம் விசா புதுப்பிக்கிறோம் என்று லீவைத் தள்ளினார்கள். அதற்கு முந்தின வருஷம் ஆள் பற்றாக்குறை. மூன்றாவது வருஷமும் தள்ளிப்போனால் குலசாமி கோபிக்குமோ இல்லையோ, விஜியின் மாமியார் நிச்சயம் கோபிப்பாள். அவள் வாய்க்கு அஞ்சி விஜி வாரம் தவறாமல் போன் போட்டாள்.

“அண்ணே, முடி இடுப்புக்கு வந்துருச்சுண்ணே. பால்வாடியில பொம்பளப் புள்ளைக வரிசையில நிக்க வைக்கிறாக. நேத்து டீச்சர் பூ வேற வச்சு விட்ருக்கு.”

“இந்த மாசிக்கு எப்படியும் வந்துருவேன் தாயி.”

“உன் மடிக்காகத்தான் புள்ள காத்துக் கெடக்கு. மறந்துறாத.”

மூன்று மாதம் ஒழுங்காகப் பூஜ்யம் போட்டான். நாலாவது மாதம் சனி பிடித்தது. மேல்மாடி ஏ.சி. ஒன்று ஒழுகி, நடைபாதையில் கையகலத்துக்கு ஈரம். ஆப்பில் ஓரமாக ஒரு தண்ணீர்ச் சொட்டுப் படம் இருந்தது. உள்ளதைச் சொல்வோமே என்று அதை அமுக்கித் தொலைத்தான்.

ஆப் அதை வடதுருவத்துக்கு அனுப்பியது. அங்கே நடைபாதை ஈரமாக இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பனி விழுந்து உருகியிருக்கிறது. அரை மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது: ஷார்ஜாவில் பனி விழுந்ததாகப் பதிவாகியுள்ளது, அகற்றியதற்குச் சான்று இல்லை, விளக்கம் தேவை.

விளக்கம் கேட்க ஹெட் ஆபீஸிலிருந்து ஆடிட்டர் அன்பரசன் வந்தார். இஸ்திரி கலையாத மனிதர். வெயிலில் நின்றும் அவருக்கு வியர்க்கவில்லை. சோலைமுத்து சொன்னதை முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

“ஏ.சி. தண்ணின்னு சொல்றீங்க. நான் நம்பறேன். ஆனா நம்பறது ஆடிட்டோட வேலை கிடையாது. ஆப்ல ரெண்டே ஆப்ஷன்தான் இருக்கு. பழைய ஸ்நோ, புது ஸ்நோ. எதுன்னு சொல்லிட்டா நான் கிளம்பிடுவேன்.”

சோலைமுத்து அண்ணாந்து பார்த்தான். ஏ.சி. இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“புதுசு சார்,” என்றான்.

அன்றிலிருந்து கம்பெனிக் கணக்கில் முவைலா பனி விழும் பிரதேசம்.

ஜூலை மாதம் உடுப்பு வந்தது. முழங்கால் வரை பூட்ஸ், பஞ்சு வைத்த ஜாக்கெட், காதை மூடும் குல்லா. வெளியே நாற்பத்தாறு டிகிரி. கோடையில் மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது அரசாங்கச் சட்டம். கம்பெனி அதை மதித்தது. அந்த இரண்டரை மணி நேரத்தில் பனி கொட்டினால் மூன்று மணிக்கு மேல் அகற்றிக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாக ஒரு சுற்றறிக்கை விட்டது.

வளாகத்தின் ஓரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் கௌஸ் முகம்மது. கீழக்கரைக்காரர், ஷார்ஜாவுக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. கடையை விட்டு வெளியே வந்து சோலைமுத்துவை மேலும் கீழும் பார்த்தார்.

“என்னப்பா சோலை, இமயமலை ஏறப் போறியா?”

“ஸ்நோ டூட்டி பாய்.”

“ஸ்நோவா? எங்க?”

“வரும்ங்கிறாக.”

“யா அல்லா! மொதல்ல அந்தக் குல்லாவக் கழட்டு. இந்தா, இந்த மோரக் குடி. செத்துகித்துப் போயிராத. அதுக்கும் உங்க ஆளுக ஒரு ஃபார்ம் வச்சிருப்பாங்க.”

ஆகஸ்டில் ஒத்திகை நடந்தது. பனி நின்ற இரண்டு மணி நேரத்துக்குள் நடைபாதையைச் சுத்தம் செய்து, அள்ளிய பனியை அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் குவிக்க வேண்டும் என்பது விதி. மூன்று கார் நிறுத்தும் இடத்தைக் கயிறு கட்டி மறித்து, ‘பனிக் கிடங்கு’ என்று போர்டு வைத்தார்கள். மீன் மார்க்கெட்டிலிருந்து பதினோரு பெட்டி ஐஸ் வந்தது. அன்பரசன் கையில் கடிகாரத்தோடு நின்றார். விஜயபாஸ்கர் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினார். பாதுகாப்புக் கலாசாரம் என்பது உள்ளத்திலிருந்து வர வேண்டும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நாலு பெட்டி ஐஸ் போய்விட்டது. நன்றியுரை முடிந்தபோது நடைபாதையில் மத்தி மீன் வாசனையும், எங்கிருந்தோ வந்த மூன்று பூனைகளும்தான் மிச்சம். சோலைமுத்து மண்வாரியை ஓங்கியபடியே நின்றான்.

அடுத்த வாரம் விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் அன்பரசன்.

“பதினோரு பெட்டி ஸ்நோ உள்ள வந்திருக்கு. கிடங்குல ஒண்ணுமே இல்லை. எங்க போச்சு?”

“உருகிருச்சு சார்.”

“யாரு அப்ரூவ் பண்ணது?”

“அப்ரூவெல்லாம் இல்ல சார். வெயில்ல உருகிருச்சு.”

“அதாவது, நீங்க செய்ய வேண்டிய வேலையை வெயில் செஞ்சிருக்கு. வெயில் நம்ம வென்டார் லிஸ்ட்ல இருக்கா?”

விஜயபாஸ்கர் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்றார். குரலில் வருத்தம் இருந்தது. ஒன்பது பக்க விசாரணை அறிக்கையின் முடிவில், வெயிலை அங்கீகரிக்கப்பட்ட துணை ஒப்பந்தக்காரராகச் சேர்க்கலாம் என்று சிபாரிசு செய்தார்கள். டிரேடு லைசென்ஸ் நகல் வந்து சேராததால் அது இன்றுவரை நிலுவையில் இருக்கிறது.

செப்டம்பரில் உப்பு வந்தது, லாரி நிறைய. நடைபாதையில் உப்பைத் தூவி வைத்தால் ஐஸ் கட்டாது என்று பதினாலாவது அத்தியாயம் சொல்கிறதாம். ஷார்ஜாவின் செப்டம்பர்ப் புழுக்கத்தை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், காலையில் காற்றைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் எடுக்கலாம். தூவிய உப்பெல்லாம் அந்த ஈரத்தைக் குடித்துக் கொழகொழவென்று ஆகி, பளிங்குக் கல் மேல் எண்ணெய் தடவியது போல் கிடந்தது. ஐந்து வருஷமாக ஒருத்தரும் விழாத நடைபாதையில் முதல் வாரம் ஏழு பேர் விழுந்தார்கள். எட்டாவது ஆள், ஏழு பேர் ஏன் விழுந்தார்கள் என்று பார்க்க வந்த அன்பரசன்.

கீழே கிடந்தபடியே அவர் பேசினார். இடுப்பில் அடி, முகத்தில் ஒளி.

“விஜயபாஸ்கர், நோட் பண்ணுங்க. ஸ்நோவே இல்லாத ஊர்ல ஸ்நோ விபத்து நடந்திருக்கு. நம்ம சிஸ்டம் எவ்வளவு ரியல்னு பாருங்க. இதுக்கு முன்னாடி நம்மகிட்ட விபத்தே இல்லை. விபத்து இல்லாம எப்படிங்க விபத்தைக் குறைக்கறது?”

அடுத்த மாதம் விபத்து எட்டிலிருந்து மூன்றாகக் குறைந்தது. ஜனங்கள் அந்தப் பக்கம் வருவதை நிறுத்தியிருந்தார்கள். பனி விபத்துகளைக் கணிசமாகக் குறைத்த வளைகுடாவின் முதல் வளாகம் என்று வடதுருவத்திலிருந்து விருது வந்தது. ஹோட்டலில் விழா. சோலைமுத்துவை ஜாக்கெட்டோடும் குல்லாவோடும் மேடையேற்றி, சீனியர் ஸ்நோ ஆபீசர் என்று ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நல்ல சமயம் என்று நினைத்து, போட்டோவுக்கு நிற்கும்போதே விஜயபாஸ்கரின் காதில் மெதுவாகச் சொன்னான்.

“சார், மாசியில லீவு.”

“ஆபீஸ்க்கு வாங்க, பேசலாம்,” என்றார் அவர், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி.

ஆபீஸில் சிரிப்பு இல்லை.

“மாசின்னா பிப்ரவரி. நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் ஸ்நோ சீசன். சீசன்ல ஸ்நோ ஸ்டாஃப்க்கு லீவு கிடையாது. அத்தியாயம் பதினாலு.”

“மே மாசம் வெச்சுக்க முடிஞ்சா மாசியில கேப்பேனா சார்? சிவராத்திரி மாசியிலதான வருது? தாய்மாமன் மடி சார். வேற யாரும் ஒக்கார முடியாது.”

“எனக்குப் புரியுது. நானும் தாய்மாமன்தான். உங்களுக்குப் பதிலா ஒரு ஆள் கிடைச்சா இன்னிக்கே கையெழுத்துப் போடறேன். ரெண்டு வருஷ ஸ்நோ அனுபவம் வேணும், அவ்வளவுதான்.”

சோலைமுத்து விடவில்லை. தொழிலாளர் கேம்ப் கேம்பாக அலைந்து, காஷ்மீர்க்காரர் ஒருவரைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தான். பிறந்ததிலிருந்து பனியை வாரியே வளர்ந்தவர். விஜயபாஸ்கர் அவருடைய விவரங்களை அக்கறையாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“எல்லாம் ஊர் அனுபவமா இருக்கு. கல்ஃப் எக்ஸ்பீரியன்ஸ் இல்லை. வளைகுடாவுல ஸ்நோ அனுபவம் இருக்கற ஒரே ஆள் நீங்கதான், சோலைமுத்து. உங்களை நினைச்சா எங்களுக்கெல்லாம் பெருமையா இருக்கு.”

அன்று கௌஸ் முகம்மதுவின் கடை வாசலில் உட்கார்ந்து சோலைமுத்து அழுதேவிட்டான். ஐந்து வருஷத்தில் அவன் அழுது அவர் பார்த்ததில்லை. இல்லாத ஒரு பனிக்காக, இருக்கிற ஒரு பிள்ளையின் காது மூன்றாவது வருஷமும் காத்துக் கிடப்பதை நினைத்தால் அவருக்கே பொறுக்கவில்லை.

“அந்தக் கையேட்டக் கொண்டா,” என்றார். “என்னதான் எழுதி வச்சிருக்கானுவ பாப்போம்.”

பதினாலாவது அத்தியாயத்தை அதுவரை முழுசாகப் படித்தவர் யாரும் இல்லை. விஜயபாஸ்கர் தலைப்பைப் படித்திருந்தார், அன்பரசன் படிவத்தைப் படித்திருந்தார். கௌஸ் முகம்மது மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்குக் குப்பூஸ் ரொட்டியும் வெங்காயமும் கொடுத்துக்கொண்டே, இரண்டு மத்தியானம் உட்கார்ந்து படித்தார். இரண்டாம் நாள் கல்லாப் பெட்டியைத் தட்டிச் சிரித்தார்.

“சோலை, இங்க வா. பதினஞ்சு சென்டிமீட்டருக்கு மேல போனா அது கடும் பனி. முன்பக்க நடைபாதையை உடனே மூடணும். பனி வேலை பாக்குற ஆளை இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள அவரோட நிரந்தர வீட்டுக்குப் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேக்கணும். போக்குவரத்துப் பொறுப்பு கம்பெனியோடது.”

“அதுக்கு?”

“அந்தக் குளிரு நாட்டுல வேலக்காரன் வீடு ரெண்டு தெரு தள்ளி இருக்கும், எழுதிட்டான். ஒன் நிரந்தர வீடு எங்கப்பா இருக்கு?”

சோலைமுத்து கையேட்டை எட்டிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். “கமுதிப் பக்கம்.”

“ஆங்.”

“முன்பக்கத்த மூடினா ஒங்க கடை பாய்?”

“எனக்குப் பின்வாசல் இருக்கு. உப்புத் தூவுன நாள்லேர்ந்து யாவாரமே அதுலதான் நடக்குது. நீ ஆக வேண்டியதப் பாரு.”

சிவராத்திரிக்கு நாலு நாள் இருந்தது. காலை ஆறு மணிக்கு சோலைமுத்து நடைபாதைக்குப் போனான். ஆப் கேட்ட கேள்வியை கௌஸ் முகம்மது முந்தின நாளே படித்துச் சொல்லியிருந்தார். ‘நடைபாதையின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதன் ஆழம் என்ன?’ அவ்வளவுதான். எது படிந்திருக்கிறது என்று கேள்வி இல்லை. ஸ்டோரில் மீந்துபோன உப்பு மூட்டையில் இரண்டை இழுத்து வந்து அவிழ்த்துக் கொட்டினான். நடுவில் ஸ்கேலைக் குத்தினான். பதினெட்டு சென்டிமீட்டர். போட்டோ எடுத்தான். வாழ்நாளில் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன், ஸ்கேலை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டான். ஆனால் அளவில் ஒரு நூல் பொய் கிடையாது.

போன் திரை சிவப்பாக மாறியது.

ஏழு மணிக்குள் வடதுருவத்திலிருந்து விஜயபாஸ்கருக்கு ஆறு மெயில் வந்துவிட்டது. அவர் ஓட்டமும் நடையுமாக வந்து, பளீரென்ற வெயிலில், உப்புக் குவியலுக்கு முன்னால் நின்றார். குனிந்து பார்த்தார். ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துக்கூடப் பார்த்தார். இது பனி இல்லை என்று சொல்ல வேண்டுமானால், ஆப் தப்பு என்று சொல்ல வேண்டும். ஆப் தப்பு என்றால் ஏ.சி. தண்ணீர் பனி இல்லை, விருது விருது இல்லை, அன்பரசனின் இடுப்பும் இடுப்பு இல்லை. அவர் முகத்தில் இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி முடிவதை சோலைமுத்து பார்த்துக்கொண்டே நின்றான்.

கடைசியில் அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

“பாத்து வாங்க சோலைமுத்து,” என்றார். “வழுக்கும்.”

மாலைக்குள் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் கைக்கு வந்தன. இது லீவு அல்ல, பேரிடர் வெளியேற்றம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். விமான நிலையத்துக்குக் கம்பெனி வண்டியே வந்தது. டிரைவர், கடும் பனி விதிப்படி, மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போகவில்லை.

சிவராத்திரிக்கு மறுநாள் காலை. குலசாமி கோயிலுக்கு முன்னால், வேப்பமர நிழலில் சோலைமுத்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் அழகுமலை. இடுப்பு வரை இருந்த முடி பக்கத்தில் வாழை இலையில் கிடந்தது. மொட்டைத் தலையில் சந்தனம். முதலில் மாமனை யாரென்று தெரியாமல் திமிறிய பிள்ளை, அழுது ஓய்ந்து இப்போது அவன் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆசாரி இடது காதைக் குத்தி முடித்தபோது போன் அடித்தது. மேனேஜர்.

“சோலைமுத்து, ஒரு சிக்கல். ஸ்நோவைப் பதிவு பண்ண ஆபீசரேதான் நேர்ல அளந்து, போயிடுச்சுன்னு குளோஸ் பண்ணணுமாம். நடைபாதை மூடியே கிடக்கு. நான் தினம் போய்ப் பாக்கறேன், எனக்கு எழுத அதிகாரம் இல்லை.” குரல் தழைந்தது. “உங்க அனுபவத்துல சொல்லுங்க. இந்த ஸ்நோ எப்ப உருகும்?”

சோலைமுத்து மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தான். விஜியைப் பார்த்தான். மூன்று வருஷமாக அவள் முகத்தில் இல்லாத ஒரு நிம்மதி அதில் இருந்தது.

“கெட்டிப் பனி சார்,” என்றான். “சித்திரை பொறக்காம அசையாது.”

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம்.

“சித்திரைன்னா ஏப்ரல் பதினாலு. சரி, அப்படியே போட்டுக்கறேன். நீங்க பத்திரமா இருங்க.”

சோலைமுத்து போனை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, பிள்ளையின் தலையை மெல்லத் திருப்பி ஆசாரியிடம் வலது காதைக் காட்டினான்.